வேலைக்கு ஆடிய பந்து

2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டது. திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் வைத்திருந்த அந்த வங்கி, கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பாஸ்புக். கேரளத்துக் கால்பந்து ரசிகனுக்கோ எஸ்.பி.டி. என்ற மூன்றெழுத்து அணி. சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மேற்கு வங்கத்தை டைபிரேக்கரில் வீழ்த்திக் கேரளம் சந்தோஷ் டிராபியைக் கைப்பற்றியது. 2004-05க்குப் பிறகு வந்த முதல் வெற்றி அது. அணித்தலைவர் ராகுல் வி. ராஜ் பாரத ஸ்டேட் வங்கிக்காரர். ஆனால் அணியில் 11 பேருக்கு நிலையான வேலை எதுவும் இல்லை. ஊர் திரும்பியவர்களுக்கு மாலையும் ஊர்வலமும் நடந்தன. கூடவே, அந்த 11 பேருக்கும் அரசு வேலை என்ற அறிவிப்பும் வந்தது. பொதுக்கல்வித் துறையில் எழுத்தர் பணி. கோப்பை வென்றவனுக்கு எழுத்தர் மேசை பரிசா என்று கேரளத்தில் யாரும் வியக்கவில்லை. பல பத்தாண்டுகளாக அந்த ஊரில் ஆட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட கூலி அதுதான்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு சண்டை முற்றிக்கொண்டிருந்தது. கல்லூரி அணிக்கு ஆடும் மாணவன் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுப் பணம் வாங்கலாமா கூடாதா என்பது வழக்கு. நிரம்பி வழியும் அரங்கங்கள், கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள், தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் எல்லாம் இருந்தும், ஆடுகிறவனுக்கு மட்டும் படிப்புச் செலவுக்கு மேல் எதுவும் கிடையாது என்ற விதி நூறாண்டுக்கும் மேலாக நின்றது. 2021 ஜூலை 1 முதல் அந்த விதி தளர்ந்தது. அன்றிலிருந்து அங்கே கேட்கப்படும் கேள்வி, இந்தப் பணம் போட்டியை என்ன செய்யும் என்பது. பணக்காரக் கல்லூரிகள் மட்டுமே வெல்லுமா? சிறிய கல்லூரி பெரியதைச் சாய்க்கும் நாள் இனி வராதா? கேள்வி அமெரிக்கருடையதாக இருக்கலாம். ஆனால் அதற்கான சோதனை ஒன்றை வேறு பெயரில், வேறு நாணயத்தில், திருவனந்தபுரம் பல பத்தாண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டது. மாணவ வீரன் அங்கே ஒருநாளும் சும்மா ஆடியவன் இல்லை. அவனுக்குக் கொடுத்தது மதிப்பெண்ணாக, கல்லூரி இடமாக, விடுதிச் சோறாக, கடைசியில் வேலையாக இருந்தது. அந்தக் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, எந்த உருவத்தில், எப்போது, யார் கொடுத்தார்கள் என்பதே போட்டி எங்கே நடக்கும், யார் வெல்வார் என்பதைத் தீர்மானித்தது.

கேரளக் கால்பந்தின் கதையை வழக்கமாக ஒரு கல்லூரியிலிருந்தே தொடங்குவார்கள். 1890 வாக்கில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் கற்பித்த பிஷப் பாயில் என்பவர் பந்தைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரிதான் அது. பந்தோடு சேர்ந்து ஒரு கொள்கையும் கப்பலேறி வந்தது. காசுக்கு ஆடுவது கனவானுக்கு அழகில்லை என்ற இங்கிலாந்துக் கொள்கை. அது பார்க்க உயர்ந்த ஒழுக்கம் போலத் தெரியும். பிறந்த இடத்தில் அதன் வேலை, உடலுழைப்பாளியைப் படகுப்போட்டியில் சேர விடாமல் தடுப்பது. ஹென்லி படகுப்போட்டியின் பழைய விதிகள் கைவினைஞரையும் கூலியாளையும் பெயர் சொல்லியே விலக்கின. அமெரிக்காவில் ஜிம் தார்ப், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வாங்கிய இரண்டு தங்கத்தையும் அடுத்த ஆண்டே இழந்தார். கார்லைல் பள்ளியில் படித்த காலத்தில் விடுமுறை மாதங்களில் சில டாலர்களுக்குப் பேஸ்பால் ஆடியது அவர் குற்றம். தினக்கூலிக்கும் மீன்பாட்டுக்கும் வாழும் ஒரு கடற்கரையில் அந்தக் கொள்கை நிற்க வழியே இல்லை. ஆகவே கேரளம் அதை எதிர்க்கவில்லை, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனது.

சுற்றுவழியைப் போட்டவர்களில் முதன்மையானவர் லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா. ஜி.வி. ராஜா என்றால் எல்லோருக்கும் தெரியும். பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908 அக்டோபர் 13 அன்று பிறந்து, திருவிதாங்கூர் மன்னரின் சகோதரியை மணந்தவர். 1954இல் உருவான திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டுக் கவுன்சிலின் தலைவர். 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறக்கும்வரை டென்னிஸ், விமானப் பயிற்சி, சுற்றுலா என்று எதையாவது தொடங்கிக்கொண்டே இருந்தார். விளையாட்டை மன்னரின் பொழுதுபோக்கிலிருந்து எடுத்து அரசாங்கக் கோப்புக்குள் வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம். கோப்புக்குள் வைத்ததன் விளைவு பெரிது. கவுன்சில் என்று ஒன்று வந்தபின் சான்றிதழ் வந்தது. சான்றிதழ் வந்தபின் அதற்கு ஒரு மதிப்பு வந்தது. மாநில அளவில் ஓடியவனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கிரேஸ் மார்க். பொறியியலிலும் மருத்துவத்திலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இடம். அவர் பெயரில் திருவனந்தபுரத்துக்கு வெளியே அருவிக்கரைப் பக்கம் ஒரு விளையாட்டுப் பள்ளி. 1976இல் கண்ணூரில் பெண்களுக்கென்று தொடங்கிய விளையாட்டுப் பிரிவில் சேர்ந்த சிறுமிகளில் ஒருத்தி பி.டி. உஷா, அவருக்குக் கிடைத்த உதவித்தொகை மாதம் 250 ரூபாய். பையோளியிலிருந்து வந்த ஒரு வீட்டுக்கு அது ஊக்கத்தொகை மட்டுமல்ல, வருமானமும்தான். காசுக்கு ஆடக்கூடாது என்ற விதியை மீறாமலே, படிக்கும் பிள்ளைக்கு ஆடுவதற்காகக் கொடுக்கும் ஏற்பாடு இப்படி முழுமையடைந்தது.

ஆனால் இவையெல்லாம் முன்பணம். முழுக் கூலி கல்லூரியின் மறுவாசலில் காத்திருந்தது. திருவனந்தபுரம் அரசாங்க ஊர். தொழிற்சாலை குறைவு, அலுவலகம் அதிகம். திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் 1946இல் கொச்சுவேளியில் கால்கோளிட்ட திருவாங்கூர் டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம், அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம், போக்குவரத்துக் கழகம், பிறகு போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி இருந்தது. வடக்கே போனால் ஆலுவாய்ப் பக்கம் ஃபேக்ட் உரத் தொழிற்சாலையும், களமசேரியில் பிரீமியர் டயர்ஸும் இதே வழியில் நடந்தன. பல்கலைக்கழக அணிகளுக்கிடையே நடக்கும் அஷுதோஷ் முகர்ஜி கோப்பைப் போட்டி, மாணவர்களைப் பொறுத்தவரை ஒரு கோப்பை. அலுவலகங்களைப் பொறுத்தவரை ஒரு சந்தை. 1970களின் தொடக்கத்தில் காலிக்கட் பல்கலைக்கழகம் அந்தக் கோப்பையை வென்றபோது அணித்தலைவராக இருந்த கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா, அங்கிருந்து நேராகப் போய்ச் சேர்ந்தது பிரீமியர் டயர்ஸில். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் முதல்முறையாகச் சந்தோஷ் டிராபியைத் தூக்கியபோது மூன்று கோலையும் போட்ட அணித்தலைவர் மணி ஃபேக்ட் ஊழியர்; முன்வரிசையில் அவரோடு கலக்கிய நஜிமுத்தீன் டைட்டானியத்துக்காரர். அந்தக் கோப்பையைக் கேரளம் வென்றது என்று சொன்னாலும் பொய்யில்லை. கேரளத்தின் சம்பளப் பட்டியல்கள் வென்றன என்றாலும் பொய்யில்லை.

இந்தக் கூலியின் குணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விவாதம் முழுவதும் இதில்தான் தொங்குகிறது. ஒன்று, அதற்கு உச்சவரம்பு இருந்தது. கோல் அடிக்கும் ஃபார்வர்டுக்கும் பெஞ்சில் உட்காரும் பேக்குக்கும் ஏறக்குறைய ஒரே சம்பள விகிதம். நட்சத்திரம் என்பதற்காக ஒருவனுக்குப் பத்து மடங்கு கொடுக்க எந்தத் துறைத் தலைவராலும் முடியாது. கணக்குத் தணிக்கை அதைத் தாங்காது. இரண்டு, அது ஆட்டத்தோடு முடிந்துபோகவில்லை. முட்டி உடைந்தாலும் ஓய்வூதியம் வரும். மூன்று, கொடுப்பவர் பலர், அதுவும் ஒரே ஊரில். அதனால் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்திலும் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்திலும் மோதிய அலுவலக அணிகளுக்கிடையே, ஒன்று மற்றொன்றை விலை கொடுத்து விழுங்கிவிட முடியாத ஒரு நிலை நீண்டகாலம் இருந்தது. இன்று அமெரிக்கக் கல்லூரிகள் வழக்கறிஞர்களை வைத்து வரையப் பார்க்கும் உச்சவரம்பைக் கேரள நிதித்துறை தன்னை அறியாமலே வரைந்து வைத்திருந்தது என்று சொன்னால், நிதித்துறைக்குக் கொஞ்சம் அதிகப் புகழ்தான், ஆனாலும் உண்மை.

அந்தச் சமநிலைக்கும் ஓர் ஓட்டை இருந்தது, அதைக் கண்டுபிடித்தது போலீஸ். விலைக்கு உச்சவரம்பு உண்டு, ஆள் எண்ணிக்கைக்கு? வங்கிக்கு ஆண்டுக்கு ஓரிரு இடம். போலீஸுக்குப் படையே இருக்கிறது. 1984இல் டி.ஜி.பி. எம்.கே. ஜோசப் காலத்தில் உருவான கேரள போலீஸ் அணி, வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களை ஒன்றாக அள்ளியது. வி.பி. சத்யன், ஷரஃப் அலி, சி.வி. பாப்பச்சன், குரிகேஷ் மேத்யூ, கோலில் கே.டி. சாக்கோ, கூடவே திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த பையனாக எல்லோருக்கும் தெரிந்த ஐ.எம். விஜயன். தமிழ்நாட்டில் இவரை 'திமிரு' படத்து வில்லனாக நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம். பந்து அவர் காலில் இருந்தபோது வேறு மாதிரி ஆள். இந்த அணி 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அதற்கு முன் கேரளத்துக் கிளப் எதுவும் தொடாத கோப்பை. கேரளத்துக்கு அது பெருமை. மற்ற கேரள அணிகளுக்கு அது வேறு செய்தி. விலையைக் கட்டிவைத்தால் செல்வம் காலியிடங்களின் எண்ணிக்கையாக வெளிப்படும். பணக்காரன் எங்கும் ஒரு வழியைக் கண்டுபிடிப்பான் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று வேண்டாம். உச்சவரம்பு மட்டும் போட்டால் போட்டி சமமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் போலீஸ் அணியின் இந்தப் பத்தாண்டைப் படிக்கலாம்.

இப்படிக் குவித்ததை உடைத்தது நியாயம் பேசிய எந்த விதியும் இல்லை, கொல்கத்தாவின் ரொக்கம். 1991இல் விஜயன் போலீஸை விட்டு மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் கொல்கத்தாவுக்குப் போனவர்தான்; பிறகு சென்னை வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்து ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார், 2006இல் இறக்கும்வரை சென்னைதான் அவர் ஊர். ரொக்கத்தின் சுவை கேரளத்துக்குள்ளேயே முன்பே இருந்தது. மலபாரின் வயல்வெளிகளில் நடக்கும் செவன்ஸ் ஆட்டத்தில் அன்றைய இரவு ஆடினால் அன்றைய இரவு காசு. கால்பந்துச் சங்கம் அதை ஆட்டமாகவே ஒப்புக்கொள்ளவில்லை; பதிவுபெற்ற வீரன் அங்கே இறங்கினால் தடை. சங்கம் முகம் சுளித்த அந்த ஏழு பேர் ஆட்டம் கூட்டத்தை இழுத்துக்கொண்டே இருந்தது; சங்கம் மதித்த அலுவலக லீக்குக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. விஜயன் கடைசியில் எங்கே திரும்பினார் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். நாடு முழுக்கக் கிளப்புகளுக்கு ஆடி முடித்தபின் மறுபடி கேரள போலீஸ். 2025இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு ஏப்ரலில் துணைக் கமாண்டன்டாகப் பணி ஓய்வு. ரொக்கம் அவருக்குப் பெயர் தந்தது, முதுமைக்குப் பாதுகாப்பு தந்தது பழைய வேலை.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிடுவார், அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. வேலை என்ற கூலி ஆட்டக்காரனைச் சோம்பேறியாக்கியது. இருபத்திரண்டு வயதில் ஆர்டர் கையில் வந்தால் அப்புறம் எதற்கு ஓட வேண்டும். கேரளத்தில் ஒரு உண்மையான கிளப் வளராமல் போனதற்கு இந்த அலுவலக அணிகளே காரணம் என்பார். வங்கி இணைந்ததும் அணியின் பெயரே போனது அவருக்குச் சாதகமான சாட்சி. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத அணிக்கு அழ ஆளில்லை. இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: அந்தக் கூலி தாமதமாக வந்த கூலி. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடிய நூற்றுக்கணக்கானவர்களில் ட்ரயல்ஸில் தேறிய சிலருக்குத்தான் ஆர்டர். தேறுவதற்கு முன்பே காயப்பட்டவனுக்கு எதுவும் இல்லை. வேலைக்காகவே கல்லூரியில் இரண்டாவது பட்டத்துக்குச் சேர்ந்து வயது வரம்பு முட்டும்வரை ஆடிக் காத்திருந்தவர்கள் எத்தனையோ. கால்பந்து ஆடிய பெண்களுக்கு இந்த வாசல் ஏறக்குறைய அடைத்தே இருந்தது. தடகளப் பெண்களுக்கு ரயில்வே கைகொடுத்திராவிட்டால் அவர்கள் நிலையும் அதுதான். இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும், குற்றச்சாட்டு எதை நிறுவுகிறது? வேலை என்ற கூலி சிகரத்தை உயர்த்தவில்லை என்பதை. அடிவாரத்தை அது அகலமாக வைத்திருந்தது என்பதை மறுக்கவில்லை. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மீனவக் கிராமத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சந்தோஷ் டிராபிக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது; 2018இல் கொல்கத்தாவில் வென்ற அணியில் நடுக்களத்தில் ஆடிய சீசனும் அந்த ஊர்தான். கடலுக்குப் போகாமல் காலையில் கடற்கரை மணலில் பயிற்சிக்குப் போ என்று ஒரு தகப்பன் மகனிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவர் பாங்கில் இருப்பது அந்தக் காரணம்.

விளம்பரப் பணத்துக்காகப் பேசுகிறவர்களிடம் வலுவான ஒரு வாதம் உண்டு. அது தனிமனிதனுக்கு வெளியார் கொடுப்பது. கல்லூரி தன் பெட்டியிலிருந்து கொடுக்கவில்லை. பிறகு எப்படிப் போட்டி கெடும்? 2021இல் அமெரிக்காவில் சொன்னது இதைத்தான். நடந்தது வேறு. சில மாதங்களுக்குள் ஒவ்வொரு பெரிய கல்லூரியைச் சுற்றியும் பழைய மாணவர்களும் புரவலர்களும் கூடிப் பொதுநிதி திரட்டினார்கள். காலணி விளம்பரம், கார் விளம்பரம் என்ற பெயரில் வந்தது பல இடங்களில் ஆள்சேர்ப்புப் பணம். அதே ஆண்டு, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற பழைய தடையும் தளர்ந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் சந்தை முழுமையானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, முதல் ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கல்லூரிகளே நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. வெளியார் பணம் என்று தொடங்கியது நான்கே ஆண்டில் சம்பளப் பட்டியலாகிவிட்டது. டைட்டானியத்தின் பாதையை அவர்கள் தலைகீழாக நடந்தார்கள் போலும். 2025 ஆண்கள் கூடைப்பந்தில் கடைசிப் பதினாறுக்கு வந்த அத்தனை அணியும் நான்கு பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. மூன்றாண்டு முன்பு செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறு கல்லூரி பெரியவர்களைக் கவிழ்த்துக் கடைசி எட்டுக்குள் வந்த அதே போட்டி. நேர்மையாக எதிர்ச்சான்றையும் வைக்க வேண்டும்: தோல்விக் கணக்கில் வரலாறு படைத்த இந்தியானா கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, மாற்றல் வழி வந்த ஆட்டக்காரர்களின் பலத்தோடு 2024இல் பன்னிரண்டு அணிகளின் இறுதிச்சுற்றுக்கு வந்தது. பணம் படிக்கட்டின் வரிசையை மாற்றும். ஏணியே இல்லாதவனுக்கு ஏணி வாங்கித் தருவது அரிது. இந்தியானா ஏழைக் கல்லூரி இல்லை, அதுவரை அந்த ஆட்டத்தில் செலவழிக்காத பணக்காரக் கல்லூரி.

இன்னொரு ஆட்சேபம் நம் ஊருக்கே உரியது: இங்கே கல்லூரி ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்க்காததற்கு எந்த நிறுவனம் விளம்பரப் பணம் தரும்? பயமே இறக்குமதி. இதற்குப் பதில் 2024 நவம்பரில் கொச்சியில் கிடைத்தது. மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவின் தடகளத்தில் மலப்புறத்தின் ஐடியல் கடகசேரி முதலிடம், அதில் தகராறில்லை. இரண்டாம் இடம் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு என்று அறிவித்ததும், திருநாவாய நாவாமுகுந்தா பள்ளியும் கோதமங்கலம் மார் பேசில் பள்ளியும் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டன. அரசு செலவில் விடுதியும் பயிற்சியாளரும் உள்ள விளையாட்டுப் பள்ளியைச் சாதாரணப் பள்ளிகளோடு ஒரே பட்டியலில் எப்படி வைக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. நிறைவு விழாவே குழம்பியது. அந்த இரு பள்ளிகளுக்கும் அடுத்த விழாவுக்குத் தடை வந்தது, பிறகு தடை நீங்கியது. யார் சரி என்று தீர்ப்பதைவிடக் கவனிக்க வேண்டியது சண்டையின் வடிவம். தொலைக்காட்சி ஒப்பந்தம் இல்லை, காலணி விளம்பரம் இல்லை. பந்தயத்தில் இருந்தது புள்ளிப்பட்டியலில் ஓர் இடமும், பிள்ளைகளுக்குக் கிரேஸ் மார்க்கும், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியைத் தேடி வரும் நல்ல ஓட்டக்காரர்களும். அமெரிக்கச் சட்டத்தரணிகள் மில்லியன் டாலரை வைத்து நடத்தும் வாதத்தின் ஒவ்வொரு வரியும் அந்த மைதானத்தில் மலையாளத்தில் பேசப்பட்டது. கோவிட் காலத்தில் விழாக்கள் நின்றபோது கிரேஸ் மார்க்கும் நின்றதும், 2023இல் மாற்றிய அளவில் அது திரும்பியபோது எந்தப் போட்டிக்கு எத்தனை என்று பெற்றோர்கள் பட்டியலைக் கையில் வைத்து அலைந்ததும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. போட்டியை வளைக்கப் பெரிய பணம் தேவையில்லை. கூலி எதுவாக இருந்தாலும் அது கிடைக்கும் இடத்தை நோக்கி ஆட்டம் சாயும்.

அந்தச் சாய்வைத்தான் கடந்த முப்பதாண்டில் திருவனந்தபுரம் கண்டது. பொதுத்துறை நிறுவனங்கள் ஆளெடுப்பதைக் குறைத்தன. வங்கி தேசிய அளவில் ஒன்றானது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆண்டுக்கு 50 பேர் என்று அரசு வைத்த கணக்கு ஏட்டில் ஓடி நடைமுறையில் பல ஆண்டு பின்தங்கியது. 2015இல் கேரளம் நடத்திய 35ஆவது தேசிய விளையாட்டில் பதக்கம் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர், வாக்களித்த வேலைக்காகப் பல ஆண்டு கழித்துத் தலைமைச் செயலகத்தின் முன் போராட வேண்டியிருந்தது. ஜெர்சியோடு நின்றவர்கள் கேட்டது பரிசு இல்லை, பாக்கி. அந்த 11 பேரின் எழுத்தர் பணியையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கலாம். டைட்டானியத்தில் வேலை கிடைத்தவன் மாலையில் டைட்டானியத்துக்கு ஆடினான். வேலையே ஆட்டத்தைத் தொடரவைத்த கயிறு. கல்வித் துறையின் அலுவலகத்துக்கு அணி கிடையாது. ஆடியதற்கான கூலியை அங்கே வாங்கிக்கொள்ளலாம், ஆட்டத்தை அங்கே ஆட முடியாது. பெயர் அதே வேலைதான், ஆனால் முன்பு அது வீரனைப் பணியமர்த்தியது. இப்போது அவனுக்கு ஓய்வு கொடுக்கிறது.

காலியான இடத்துக்கு ஏலம் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற அணி போலீஸின் அதே சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் ஆடுகிறது. அதே மாதம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டில் கேரளக் கிரிக்கெட் லீக். கல்லூரி வயதுப் பையன் ஒருவனைக் கல்லூரி அணியைத் தாண்டி நேராகச் சந்தைக்குக் கூட்டிப்போகும் வாசல்கள் இவை, அமெரிக்கக் கல்லூரிகள் தமக்குள் வைத்துக்கொள்ளப் போராடும் அதே வாசல். மாணவனுக்கு இதில் லாபம் உண்டு. காத்திருக்காமல், ஆடுகிற வயதிலேயே காசு வருகிறது. பழைய ஏற்பாடு தரத் தவறியது இதுதான் என்பதால் இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. கல்லூரிக்கு மட்டும் இதில் எதுவும் மிஞ்சவில்லை. கிரீன்ஃபீல்ட் இருப்பது கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில். அங்கே கூட்டம் கூடுவது பல்கலைக்கழக அணிக்காக இல்லை.

இரண்டு கூலிகளையும் ஒரே வீட்டில் பார்க்க முடியும். விழிஞத்தை அடுத்த கடற்கரையைச் சேர்ந்த சாம்சன் விஸ்வநாத் டெல்லி போலீஸில் காவலர்; வேலை கால்பந்தால் வந்தது. மகன்களின் கிரிக்கெட்டுக்காக அந்த வேலையை விட்டுத் திருவனந்தபுரம் திரும்பினார். இளைய மகன் சஞ்சு, நாலாஞ்சிறை மார் இவானியோஸ் கல்லூரியில் படித்தவர்; 2013இல் பதினெட்டு வயதில் ஐ.பி.எல். ஆடத் தொடங்கியவர். 2025இல் கேரளக் கிரிக்கெட் லீக் ஏலத்தில் கொச்சி அணி அவரை 26 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. ஓர் அணி மொத்தம் செலவழிக்கலாம் என்று வைத்த தொகை 50 லட்சம். கோப்பையை அந்த ஆண்டு கொச்சியே வென்றது, ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியோடு சஞ்சு கிளம்பிப் போன பிறகு நடந்த இறுதிப்போட்டியில். அன்று மைதானத்தில் இறங்கிய பதினொரு பேரும், பெஞ்சில் இருந்தவர்களும், மீதி 23 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் வாங்கப்பட்டவர்கள். அந்த ஏலத்தில் கடைசி வகுப்பு ஆட்டக்காரனின் அடிப்படை விலை 75,000 ரூபாய், ஒரு பருவத்துக்கு.